பெயர் இல்லாவிட்டால் கரடு

முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி மேடு ஏறக்கூடாது என்று போன மாதம் மருத்துவர் சொன்னார். எந்த மேடு என்று கேட்டேன். அவர் சிரித்தார். சிரிக்கும்படி நான் எதுவும் சொல்லவில்லை. என்னோடு ஓய்வூதிய வரிசையில் நிற்கும் உங்களுக்குத் தெரியும். நாம் கண்ணைக் கெடுத்துக்கொண்ட பதிவேடுகளில் மேடு வேறு, திட்டு வேறு, குன்று வேறு, கரடு வேறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி, அந்த விதிக்கு ஒரு விலக்கு, விலக்கைப் பயன்படுத்த ஒரு படிவம். மருத்துவர் படித்தவர்தான். ஆனால் தாலுக்கா கச்சேரியில் வேலை பார்த்தவர் அல்லர்.

நான் இந்தச் சொற்களைக் கற்றதும் கச்சேரியில் அல்ல. பத்து வயதில், கொல்லிமலையில், ஒரே ஒரு கோடையில் கற்றேன். அதைப் பற்றி இதுவரை யாரிடமும் பேசாமல் இருந்ததற்குக் காரணம் அடக்கம் என்று நீங்கள் நினைத்துவிட வேண்டாம்.

அப்பா தாலுக்கா கச்சேரியில் குமாஸ்தா. காளப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீடு. அம்மா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மாசி தொடக்கத்தில் அப்பாவுக்கு ஓர் உத்தரவு வந்தது. கொல்லிமலையில் திருப்புலி நாட்டுப் பக்கம் உயர்ந்த நிலங்கள் எங்கெங்கே இருக்கின்றன, ஒவ்வொன்றின் பெயர் என்ன, வகை என்ன, யார் அனுபவத்தில் இருக்கிறது என்று பட்டி எழுதி, பங்குனி முடிவதற்குள் கொண்டுவர வேண்டும். யார் அனுபவத்திலும் இல்லாததைக் காட்டோடு சேர்த்து எல்லைக் கல் நடப் போகிறார்கள். ஒரு மலைக்குப் போய் அங்கே உயர்ந்த நிலம் எது என்று பட்டி எடுக்கச் சொல்லும் அறிவு அரசாங்கத்துக்கு மட்டுமே உண்டு. பிற்காலத்தில் அந்த அறிவில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

என்னை வைத்துக்கொள்ளச் சொல்லி அப்பா அத்தையைக் கேட்டார். "பொட்டப்புள்ளைய ரெண்டு மாசம் நான் எங்கீங்கண்ணா வெச்சுப் பாக்கறது" என்றாள் அத்தை. அவள் வீட்டில் ஒன்பது எருமைகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள அவளுக்கு முடிந்தது. அப்படியாக நானும் மலைக்குப் போனேன்.

எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் அந்த மலை வானத்தின் கீழ்ப்பாதியை அடைத்துக்கொண்டு நீலமாக நிற்கும். விடிகாலையில் ஏறத் தொடங்கி, பொழுது சாய்வதற்குள் மேலே போய்ச் சேர்ந்தோம். போய்ப் பார்த்தால் மலையைக் காணவில்லை. வயல் இருந்தது. பலா மரங்கள் இருந்தன. ஒரு பெண் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு நாய் படுத்திருந்தது. கீழே இருந்து பார்த்த அந்த நீலம் எங்குமே இல்லை. என்னை யாரோ ஏமாற்றிவிட்டதுபோல் இருந்தது. அம்மாவைப் பார்க்கலாம் வா என்று கூட்டிப்போய் வெறும் கட்டிலைக் காட்டினார்களே, அதுபோல.

எங்களுக்கு ஊர்ச் சாவடியை ஒழித்துக் கொடுத்தார்கள். மண் சுவர், புல் கூரை, மூங்கில் பரண். அடுத்த வீட்டில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். முதல் நாளே அவளிடம் கேட்டேன்.

"மலை எங்க இருக்குது?"

"என்ன மலை?"

"கொல்லிமலை."

அவள் தன் அம்மாவைக் கூப்பிட்டாள். "யம்மா, இந்தக் கீழ்நாட்டுப் புள்ள மலையத் தொலைச்சுட்டுத் தேடுது, வந்து பாரு." அவள் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் பட்டம் 'மலையத் தொலைச்ச புள்ள'. கடைசிப் பட்டத்தை யாரும் என் காதுபடச் சொல்லவில்லை.

மலை என்பது கீழே இருப்பவர்களின் சொல் என்று இரண்டு மூன்று நாளில் புரிந்துகொண்டேன். அங்கே யாரும் மலைக்குப் போகிறேன், மலையில் வேலை என்று பேசியதில்லை. ஏர் போகும் இடம் உழவுக்காடு. ஏர் போகாமல், குனிந்து கொத்தால் கொத்தி விதைக்கும் சரிவு கொத்துக்காடு. அந்தச் சரிவின் தலைப்பக்கம் முகடு. தண்ணீர் தேங்காமல் துருத்தி நிற்பது திட்டு. எவ்வளவு உயரம் என்று அவர்கள் பேசியதே இல்லை. அங்கே என்ன செய்யலாம், எதை விதைக்கலாம், மாடு நிற்குமா நிற்காதா என்றுதான் பேசினார்கள்.

அப்பாவிடம் அச்சிட்ட தாள் ஒன்று இருந்தது. அதில் குன்று, கரடு, மேடு, திட்டு, பாறை என்று ஐந்தே சொற்கள். முதல் வாரம் அப்பா மிகவும் கஷ்டப்பட்டார். ஒவ்வொரு இடத்திலும் நின்று, மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து, கல்லை உதைத்துப் பார்த்து, இது மேடா கரடா என்று யோசித்தார். கூட வந்திருந்த கச்சேரிச் சேவகர் ஒருநாள் அதற்கு முடிவு கட்டினார். அவர் முள்ளுக்குறிச்சிக்காரர். டவாலிப் பட்டையைக் கழற்றித் தலையில் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு நடப்பார்.

"ஏனுங்க எசமான், கல்லப் பாத்து என்னத்துக்கு ஆகப்போவுது? தாளோட பின்பக்கம் படிச்சுப் பாருங்க. அனுபோகதாரர் பேர் இருந்தா மேடு. பேர் இல்லாட்டிக் கரடு. அம்புட்டுதானுங்க."

அப்பா தாளைத் திருப்பிப் பார்த்தார். கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. அன்றைக்குப் பிறகு அவர் குனிந்து மண்ணை எடுக்கவில்லை. வேலை வேகமாக நடந்தது.

பங்குனி பிறந்து சில நாளில் அப்பாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. கொயினா மாத்திரை கொண்டுவந்திருந்தோம். அதை விழுங்கிவிட்டு, காது இரைகிறது என்பார். ஒருநாள் விட்டு ஒருநாள் மத்தியான வேளையில் நடுக்கம் தொடங்கும். கம்பளிக்குள் அவர் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் பரண் மூங்கில் வரை கேட்கும். கையில் பேனா நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்காக எனக்கு ஒரு சிலேட்டு பரிசு கொடுத்திருந்தார்கள். ஆகையால் அப்பா படுத்தபடி சொல்லச் சொல்ல நான் பட்டியை எழுதினேன். மை உலரும் வரை ஊதுவேன். ஊதும்போது ஏதோ நானே அந்த மேடுகளையும் கரடுகளையும் உண்டாக்குவதுபோல் இருக்கும். பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை.

நடை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குதிகால் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. ஒருநாள் அளவுக் கயிற்றோடு ஒரு சரிவின் மேல்விளிம்பில் போய்க்கொண்டிருந்தபோது, தரையில் தலைகீழாகச் செருகியிருந்த கொத்துக் காம்பு ஒன்றைச் சேவகர் பிடுங்கி என் கையில் கொடுத்தார்.

"இந்தா கண்ணு, ஊனிக்க. கரட்டுல சும்மா நட்டு வெச்சிருக்கறானுங்க."

வழவழப்பான காம்பு. நுனியில் மூன்று வெட்டு. பல வருடம் பல கை பிடித்து, நடுவில் சற்று இடுங்கிப்போயிருந்தது. என் கைக்கு அந்த இடுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

சாயங்காலம் அதை ஊன்றிக்கொண்டு சாவடிக்கு வந்தேன். அடுத்த வீட்டுப் பெண் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். காம்பைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். மடியில் இருந்த காயெல்லாம் கீழே கொட்டியது.

"இத எங்கிருந்து எடுத்த?"

"கரட்டுல கெடந்துச்சு."

"கரடா? அது எங்க..." என்று தொடங்கி வாயை மூடிக்கொண்டாள்.

"எங்க? என்ன, எங்க?"

"ஒண்ணும் இல்ல போ."

நான் விடவில்லை. சொல்லாவிட்டால் உன்னோடு இனி ஓடைக்கு வரமாட்டேன் என்றேன். அவளுக்கு அந்த ஊரில் வேறு தோழி இல்லை. பலா மரத்துக்குப் பின்னால் இழுத்துப்போய், காதில் வாய் வைத்துச் சொன்னாள்.

"அது தூங்குது."

"எது?"

"அந்த மண்ணு. நாங்க கொத்திக் கொத்தி அலுத்துப்போச்சுன்னு ஆறப் போட்டிருக்குது. அஞ்சு வருசம் ஆச்சு. இந்தச் சித்திரைல மழை உழுந்ததும் கொத்துவோம். அதுவரைக்கும் நம்முதுன்னு வாய்விட்டுச் சொல்லக்கூடாது."

"சொன்னா?"

"முழிச்சுக்கும். பாதித் தூக்கத்துல முழிச்சுதுன்னா அப்பறம் வெளையாது. ஊட்டுல ஆருக்காச்சும் ஆகாது."

"அப்ப ஆராச்சும் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"ஆருதும் இல்லைன்னு."

"உங்களுதுன்னு ஊருக்கு எப்படித் தெரியும்?"

அவள் என் கையில் இருந்த காம்பைக் காட்டினாள். "மூணு வெட்டு எங்க ஊடு. அதப் பாத்தா எல்லாத்துக்கும் தெரியும். அதுக்குத்தான் நட்டு வெக்கறது. நீ பிடுங்கிட்டு வந்துட்ட."

திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று நீட்டினேன். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வாங்கினா எங்களுதுன்னு ஆயிருமே." அதுவும் சரிதான். விதி என்றால் விதி. நான் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த அலுவலகங்களில் இதைவிட ஒழுங்காகச் செய்த விதியை நான் பார்த்ததில்லை.

அன்று இரவே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அந்தச் சரிவுக்கு முதல் நாள்தான் நான் 'கரடு' என்று எழுதி ஊதியிருந்தேன். அனுபோகதாரர் பத்தி மட்டும் காலியாக இருந்தது. அப்பா படுத்தபடியே பட்டியை வாங்கி அந்தப் பத்தியைப் பார்த்தார்.

"சின்னப்புள்ள சொன்னத எழுத முடியாது கண்ணு. உரியவங்க வாயால வரணும். நாளைக்குக் கேக்கறேன்."

மறுநாள் காலையில், நடுக்கம் இல்லாத நாள் பார்த்து, சரிவின் மேலேயே விசாரணை நடந்தது. ஊர்க்கவுண்டர் சாட்சிக்கு வந்திருந்தார். அடுத்த வீட்டுக்காரர், அதாவது அந்தப் பெண்ணின் அப்பா, தோளில் துண்டு இல்லாமல் கைகட்டி நின்றார். அவர் மனைவியும் மகளும் தள்ளி நின்றார்கள். நான் பட்டியை மடியில் வைத்து ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தேன். காம்பு என் காலடியில் கிடந்தது. அவர் அதை ஒருமுறைதான் பார்த்தார்.

"இந்தச் சரிவு உங்களுதுங்களா?" என்றார் அப்பா.

"இல்லீங்க."

"அப்ப ஆருது?"

"ஆருதும் இல்லீங்க."

"நீங்க இங்க கொத்துனதே இல்லையா?"

அவர் கீழே பார்த்தார். கொத்தும்போது பொறுக்கிக் குவித்த கற்கள் புல்லுக்குள் அங்கங்கே இன்னும் தெரிந்தன. அப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழை உழட்டுங்க சாமி. மழை உழுந்து மொதக் கொத்துப் போட்டதுக்கு அப்பறம் கேளுங்க. அப்பச் சொல்றேன்."

"மழை எப்ப உழும்?"

"அது மழைக்குத்தானுங்க தெரியும்."

"மழைக்கு ஒரு நோட்டீசு குடுத்துரலாங்களா எசமான்?" என்றார் சேவகர். ஊர்க்கவுண்டர் சிரித்துவிட்டு, யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் இருமினார்.

அப்பா பொறுமையாகத்தான் பேசினார். அதை நான் சொல்லியாக வேண்டும். "பங்குனி கடைசிக்குள்ள இந்தக் கட்டு கீழ போயாகணுங்க. பேர் எழுதலீன்னா இது காட்டோட போயிரும். கல்லு நட்டுருவாங்க. அப்பறம் கொத்து எடுத்துட்டு இங்க காலு வெக்க முடியாது. தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க."

"இந்த வருசம் வேற எங்க வெதைப்பீங்க?"

அவர்களுக்கு இருந்த ஒரே உழவுக்காடு அண்ணன் தம்பி நான்கு பேருக்குப் பொது என்பது ஊருக்கே தெரியும்.

"அப்பச் சொல்லுங்க. ஒரு வார்த்தை. உங்களுதா?"

அவர் தன் மகளைத் திரும்பிப் பார்த்தார். யார் சொல்லியிருப்பார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய மனைவி மெதுவாக, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "தூங்கற புள்ளையப் பேர் சொல்லி எழுப்பச் சொல்றாங்க."

"எங்களுது இல்லீங்க" என்றார் அவர்.

விதிப்படி மூன்று முறை கேட்க வேண்டும். மூன்று முறை கேட்டாயிற்று. அப்பா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் எழுதினேன். 'அனுபோகதாரர் யாரும் இல்லை.' 'இல்லை' என்பதில் வரும் லைக்கு அந்தக் காலத்துக் கொம்பை நன்றாக வளைத்து, யானைத் துதிக்கைபோல எழுதினேன். ஊதினேன்.

அந்தப் பெண்ணை அவள் அப்பா அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் எடுத்துவைத்த களியை அவர் மூன்று நாள் தொடவில்லை, அவ்வளவுதான். அவள் என்னோடு பேசவில்லை. ஓடைக்குத் தனியாகப் போனாள். ஒருமுறை நான் வழியில் நின்றபோது, பாதையை விட்டு இறங்கி முள்ளுக்குள் சுற்றிப் போனாள். காம்பை அவள் வீட்டு வாசலில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். காலையில் அது சாவடி வாசலில் சாய்ந்திருந்தது.

பங்குனி கடைசியில் அப்பாவுக்குக் காய்ச்சல் நாள்விடாமல் வரத் தொடங்கியது. கண் மஞ்சளாகிவிட்டது. யாரையோ பார்த்து அம்மாவின் பெயரைச் சொன்னார். அந்தக் கட்டிலை எனக்கு மறுபடியும் காட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். சேந்தமங்கலத்து மருத்துவரிடம் கொண்டு சேர்த்துவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று மலையில் இருந்த எல்லாச் சாமிகளிடமும் தனித்தனியாகச் சொல்லி வைத்தேன். பட்டியைக் கட்டி, துணி சுற்றி, அரக்கை உருக்கி முத்திரை வைத்தோம். அப்பா முத்திரைக் கட்டையைப் பிடிக்க, அவர் கையை நான் பிடித்தேன்.

ஊரார் நான்கு பேர் டோலி கட்டி அப்பாவைத் தூக்கினார்கள். சேவகர் பட்டிக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டார். நான் காம்பை ஊன்றிக்கொண்டு டோலிக்குப் பக்கத்தில் நடந்தேன். விடியும்போதே வானம் கறுத்திருந்தது. ஊரைத் தாண்டி இறக்கத்தில் முதல் வளைவுக்கு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பெரிய பெரிய துளி. காய்ந்த மண்ணில் விழுந்து புழுதியைக் கிளப்பியது. அந்த வாசனை இன்றும் எனக்கு நல்ல வாசனை அல்ல.

பாதை அந்தச் சரிவுக்கு நேர் கீழே வந்தபோது மேலே இருந்து ஒரு சத்தம் கேட்டது. தொப், தொப் என்று கொத்து மண்ணில் இறங்கும் சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். மழைத் திரைக்குள் மூன்று பேர். அவரும் மனைவியும் கொத்திக்கொண்டிருந்தார்கள். மகள் கூடையோடு நின்றாள். அவர் கொத்தைப் போட்டுவிட்டு விளிம்புக்கு ஓடிவந்தார். இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கத்தினார்.

"ஏனுங்கோ! சாமியோவ்! எங்களுதுங்க! எங்களுது! எழுதிக்கங்கோ!"

டோலிக்காரர்கள் நின்றார்கள். சேவகர் திரும்பிப் பார்த்து, தலையில் இருந்த கட்டைத் தொட்டுக் காட்டினார். "முத்திர வெச்சாச்சு கண்ணு." மேலே இருந்து மறுபடியும் குரல் வந்தது. "எங்களுதுங்கோ!"

டோலிக்குள் கம்பளி அசைந்தது.

"என்ன கண்ணு நின்னுட்டாங்க? ஆரு கூப்பிடறது?"

நான்கு டோலிக்காரர்களும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் அந்த ஊர்க்காரர்கள். மழை அப்பாவின் கம்பளியை நனைத்துக்கொண்டிருந்தது. அவர் பல் அடித்துக்கொண்டது.

"ஆரும் இல்லீங்கப்பா" என்றேன்.

அவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். டோலி நகர்ந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் என் கையில் என்ன இருந்தது என்பது அவருக்கு மேலே இருந்து நன்றாகத் தெரிந்திருக்கும்.

காளப்பநாயக்கன்பட்டியில் எங்களுக்காக வண்டி தயாராக இருக்கவில்லை. மாட்டுக்கு லாடம் அடிக்கப் போயிருந்தது. அரை நாள் காத்திருந்தோம். அந்த அரை நாளை மேலேயே கழித்திருந்தால் ஒரு கதை முழுக்கக் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கலாம். அப்பா பிழைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் சேவகர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, கேட்காமலே சொன்னார். கல் நட்டுவிட்டார்கள். முளைத்திருந்த சாமையைக் காட்டுக் காவலர்கள் மாட்டை விட்டு மேய்த்துவிட்டார்கள். அந்தக் குடும்பம் ஏர்க்காட்டுக்குக் காப்பித் தோட்டக் கூலிக்குப் போய்விட்டது. "அந்தப் பொண்ணு?" என்று கேட்டேன். "எல்லாருந்தான் கண்ணு" என்று சொல்லிவிட்டு மோரைக் குடித்தார். காம்பு எங்கள் வீட்டில் துணி உலர்த்தும் கொடிக்கு முட்டுக் கொடுக்கக் கிடந்தது. பிறகு எந்த வீடு மாற்றத்தில் போனது என்று தெரியவில்லை. இப்போது மருத்துவர் ஒரு கைத்தடி வாங்கச் சொல்கிறார். கடையில் இருப்பவை எதுவும் கைக்குப் பொருந்தவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பதிவறையில் அந்தப் பட்டி கைக்கு வந்தது. கரையான் தொடவில்லை. என் கையெழுத்து அப்படியே இருந்தது. ஓரத்தில் யாரோ மேலதிகாரி பச்சை மையில் எழுதியிருந்தார்: 'எழுத்து மிக நன்று.'

அதே வருடம் துறைத் தேர்வுக்குப் படிக்கும்போது ஒரு விதி கண்ணில் பட்டது. முத்திரை வைத்த கட்டைப் பிரிக்கத் தேவையில்லை. பிற்பாடு கிடைத்த வாக்குமூலத்தைத் தனித்தாளில் எழுதி, கட்டின் மேல் தைத்து அனுப்பினால் போதும். ஒரே ஒரு தாள். என் பையில் அன்று அரை நோட்டும் பென்சிலும் இருந்தன.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். அவர் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். சாய்வு நாற்காலியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

"இந்த விதி அன்னைக்கு உங்களுக்குத் தெரியுமாங்கப்பா?"

எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை.

"தெரியும் கண்ணு. அதுக்குத்தான் ஆரு கூப்பிடறதுன்னு உன்னைக் கேட்டேன்."

பத்திரிகையைப் புரட்டி அடுத்த பக்கத்துக்குப் போனார். அப்பாவுக்குக் கண் மங்கியது, பல் போனது. காது மட்டும், கொயினாவில் இரைந்த காலத்திலும்கூட, பழுதானதில்லை.